குப்பைக் குழிக்கு மூடி வேண்டும்

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது, கூட்டெரு போடச் சொல்லி நமக்குப் பாடம் நடத்தினார்கள். காட்டோரத்து லயங்களைப் பற்றி யார் நினைத்தார்கள்? ஹந்தானை, நக்கிள்ஸ் பக்கத்துத் தோட்டங்களில் குசினிக் கழிவைத் திறந்து போட்டால் பகலில் குரங்கு, இரவில் காட்டுப்பன்றி. பன்றி வந்தால் மரக்கறித் தோட்டம் போச்சு. உடனே யாராவது கம்பிச் சுருக்கு வைக்கிறார்.

சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நுவரெலியா மாவட்ட நல்லதண்ணியில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்தது. வழக்கு வந்தால் கோர்ட்டில் நிற்பது நம்மாட்கள்தான்.

திறந்த குவியலில் இலை, புல் மட்டும் போடுவோம். மரக்கறித் தோலை மூடியுள்ள பீப்பாவில் போடலாம். மீன் முள், மிச்சச் சோறு இரண்டிலும் வேண்டாம். கிளறுவது பகலில், மண்வெட்டியால், பாம்பு இருக்கும்.

பீப்பாவும் கம்பிவலை மூடிய சீமெந்துக் குழியும் நிர்வாகத்தின் பொறுப்பு. காணி நம் பெயரிலா இருக்கிறது? அடுத்த பேச்சுவார்த்தையில் இதைக் கேட்கிறோம்.