தேக்குக் கதவு இருக்கிறது, பூட்டு எங்கே?

முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று அன்று போற்றினர். இன்றோ சுங்கம் தவிர்ப்பாரும் இல்லை. கைநீட்டிக் கேட்பாரும் இல்லை. காற்று வந்து கேட்கிறது; கணக்கில் காசு கரைகிறது!

திருச்சியிலிருந்து காரைக்குடிக்கு லாரி ஓட்டிவரும் தோழனைக் கேளுங்கள். லெம்பலக்குடிச் சாவடியை நெருங்கியதும், கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் மீது வானொலி அலை படுகிறது. பாட்டரியற்ற அந்தச் சீட்டு விழித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. அந்த எண்ணுக்குரிய கணக்கில் கட்டணம் பிடிக்கப்படுகிறது. 2021 பிப்ரவரியில் இது கட்டாயமாயிற்று.

விஞ்ஞானம் வரட்டும், வரவேற்கிறோம். காவல் எங்கே என்றுதான் கேட்கிறோம்!

2022இல் ஒரு வீடியோ பரவிற்று. கண்ணாடி துடைக்கும் சிறுவன் கைக்கடிகாரத்தைக் காட்டிப் பாஸ்டேக் பணத்தைப் பறிக்கிறானாம்! பொய் என்று மறுத்தார்கள். மறுப்பு சரியானதே. பதிவு பெற்ற இடங்கள் கேட்டால்தான் வங்கி தரும். தெருவில் நிற்பவன் கேட்டால் தராது. ஏழைச் சிறுவன்மீது பழி சுமத்த எத்தனை ஆயிரம் விரல்கள் துடித்தன! குறை இருந்ததோ சாவடிக்கு உள்ளே!

நமக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர். அவருடைய லாரி காரைக்குடி ஷெட்டில் நிற்கிறது. எங்கோ ஒரு சாவடியைக் கடந்ததாகப் பணம் போகிறது. "வண்டி என் கண்ணெதிரே நிற்கிறதே, ஐயா!" என்று முறையிட்டு, ஒரு நாள் கூலியைத் திரும்பப் பெறப் பல நாள் கூலியை இழந்தார்.

இது ஒருவர் கதையா? அல்ல. தவறாகப் பணம் பிடித்ததற்காக 250 முறைக்குக் குறையாமல் தண்டம் விதித்ததாக, 2025 ஜனவரியில் தேசிய நெடுஞ்சாலை ஆணையமே அறிவித்தது. தவறு ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும்! சாவடியில் கையால் வண்டி எண்ணைத் தட்டியதால் வந்த வினை அது. தண்டத்துக்குப் பின் புகார்கள் குறைந்தனவாம். நல்லது, கண்டித்தால் திருந்தும் என்பதற்கு அதுவே சான்று.

வெளிநாட்டையும் பாருங்கள். கலிபோர்னியாவின் சுங்கச் சீட்டு, கேட்பவர்க்கெல்லாம் தன் எண்ணை ஒளிக்காமல் ஒப்பிப்பதை 2008இல் நேட் லாசன் அம்பலப்படுத்தினார். நியூயார்க்கில் சாவடியே இல்லாத வீதிகளிலும் சீட்டுகள் படிக்கப்பட்டது 2013இல் வெளியாயிற்று. பணம் மட்டுமா? போன வழியும் பதிவாகிறது!

நாளை சாலை விளக்கும் வண்டியும் தமக்குள் பேசும். அதற்கென அமெரிக்கா 1999இலேயே அலைவரிசை ஒதுக்கிற்று. 'பாதை தெளிவு, வா' என்று பொய்யன் ஒருவன் காற்றில் சொன்னால் என்னாகும்? இன்று போவது காசு. நாளை போவது உயிர்! ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் போலி செய்ய முடியாத கையொப்பம் வேண்டும். அதுவும், ஓட்டுபவன் யாரெனக் காட்டிக்கொடுக்காமல் அடிக்கடி மாறும் கையொப்பமாக வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டுக்குப் பர்மாத் தேக்கில் கதவு போட்டவர்கள் பூட்டை மறக்கவில்லை. நாட்டின் சாலைக்குப் பூட்டுக் கேட்பது குற்றமா?

கையால் எண் தட்டினால், பணம் பிடிக்குமுன் வண்டியின் படத்தை உரியவனுக்குக் காட்டுக! தவறெனில் அலையவிடாது திருப்பித் தருக! பயணக் குறிப்பை வேறு எதற்கும் கொடாதிருக்கச் சட்டம் செய்க!

தோழர்களே! கைப்பேசியில் வரும் செய்தியைப் படியுங்கள். தவறு கண்டால் 1033க்குச் சொல்லுங்கள். சிறு தொகைதானே என்று சும்மா இராதீர்கள். அது சிறு தொகையன்று, உங்கள் வியர்வை!