கணக்கில் வராத 270 ஜிபி

முகூர்த்த சீசன் முடிந்ததும் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஹார்ட் டிஸ்க் கவலை ஆரம்பித்துவிடும். போன வாரம் எங்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி, 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கோடு வந்தார். "அண்ணே, ப்ராப்பர்ட்டீஸ்ல 880 ஜிபி போயிருக்குன்னு காட்டுது. எல்லா ஃபோல்டரையும் செலக்ட் பண்ணிப் பார்த்தா 610தான் வருது. வைரஸா இருக்குமோ?"

அவருக்கு இன்னொரு பழைய மனக்குறையும் உண்டு: 1 டிபிக்குக் காசு வாங்கிக்கொண்டு 931 ஜிபிதான் கொடுத்தார்களாம். டிஸ்க் கம்பெனிக்கு 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். கொடுத்ததும் அவ்வளவுதான். விண்டோஸ் அதை 1024-ஆல் மூன்று முறை வகுத்துச் சொல்கிறது. ஒரு ஜிபிக்கு 107 கோடிக்கு மேல் பைட் பிடிக்கும். அதனால்தான் 931. அமெரிக்காவில் இதற்கு வழக்கே நடந்து, 2006-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் அடுத்த வருடம் சீகேட்டும் சமரசத்துக்கு வந்தன. ஆப்பிள் 2009-இலேயே ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டது; இதே டிஸ்க்கை மேக்கில் போட்டால் 1 டிபி என்றே காட்டும். என்னைக் கேட்டால், 1024-இல் எண்ணிவிட்டு ஜிபி என்றே எழுதும் விண்டோஸைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, அந்த 270 எங்கே? மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டும்படி செட்டிங்கை மாற்றினோம். புள்ளியில் தொடங்கும் 'ட்ராஷஸ்' என்ற ஃபோல்டர் எட்டிப் பார்த்தது. ஆல்பம் டிசைன் செய்பவர் வைத்திருப்பது மேக். அங்கே அழிக்கும் படங்கள் இந்த டிஸ்க்கின் சொந்தக் குப்பைக்கூடையிலேயே கிடக்கும். டிஸ்க்கைச் சொருகியபடி மேக்கில் ட்ராஷைக் காலி செய்தால் இடம் திரும்பும். காலி செய்ததும் 230 ஜிபி வந்துவிட்டது.

மிச்சம் 40. ஃபோல்டர்களைச் செலக்ட் செய்து பார்க்கும் ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியிலேயே 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று அடுத்தடுத்து இரண்டு வரி இருக்கும். யாரும் இரண்டாவதைப் பார்ப்பதில்லை. விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓட வேண்டும் என்று டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்திருந்தார். இவ்வளவு பெரிய டிஸ்க்கில் அது வழக்கமாக 128 கேபி கட்டங்களாகத்தான் இடம் ஒதுக்கும். ஒரே ஆள் போனாலும் முழுக் காருக்கும் வாடகை கொடுப்பது மாதிரி, 4 கேபி கோப்புக்கும் ஒரு முழுக் கட்டம். போதாததற்கு மேக் வேறு பல கோப்புகளுக்கு ஆளுக்கொரு குட்டித் துணைக்கோப்பை எழுதி வைக்கிறது. அப்படிப் பத்தாயிரம் சேர்ந்தால் உள்ளடக்கம் 40 எம்பிதான். அடைக்கும் இடமோ 1.2 ஜிபிக்கு மேல். எடிட்டிங் மென்பொருள் போடும் ப்ரிவியூ, தம்ப்நெயில் எல்லாம் இதே ரகம். விண்டோஸில் மட்டும் புழங்கும் டிஸ்க்காக இருந்தால் என்டிஎஃப்எஸ் போதும். அதன் கட்டம் வழக்கமாக 4 கேபிதான்.

இத்தனையும் பார்த்த பிறகும் கணக்கு உதைத்தால், காப்பி ஓடும்போதே கேபிளைப் பிடுங்கிய பழக்கம் காரணமாக இருக்கலாம். அதற்கு விண்டோஸின் 'எரர் செக்கிங்' இருக்கிறது. ஆனால் அதை ஓட்டுவதற்கு முன் படங்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் அதையும் ஓட்டாதீர்கள். உடனே கழற்றிவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள்.