விளம்பரமும் சுதேசியமும்

விளம்பரம் என்பது பெருமுதலாளிகளின் காரியம் என்று எண்ணியிருந்த காலம் மலையேறிவிட்டது. பட்டணத்து ஜவுளிக்கடைகளும், சோப்புக் கம்பெனிகளும், நகை வியாபாரிகளுமே பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் இடம் பிடித்து வந்தார்கள். பென்னாகரத்துச் சாமைக்கும், அரூர்ப் புளிக்கும், பாலக்கோட்டுத் தக்காளிக்கும் விளம்பரம் செய்வார் யார்? தரகன் வாயே விளம்பரம். அவன் சொன்னதே விலை. இந்நிலை நம் கண்முன்னே மாறி வருகிறது. 2016-ஆம் வருஷம் செப்டம்பரில் ஜியோ கம்பெனி தோன்றி, இணையக் கட்டணம் வெகுவாகச் சரிந்தது முதல், கைப்பேசியின் வழியே இணையம் குக்கிராமங்களிலும் நுழைந்தது. 2018-ல் கூகிள் கம்பெனி தமிழ் மொழியிலும் விளம்பரங்களை ஏற்கலாயிற்று. இன்று தர்மபுரியில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் ஒருவர், சில நூறு ரூபாய்ச் செலவில், தம் கடையைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு மட்டும் தம் சரக்கைப் பற்றித் தெரிவிக்க முடியும். இது மெய்யான நன்மை. இதை இகழ்வோர் ஏழை வியாபாரியின் கஷ்டத்தை அறியாதவர்களே ஆவர்.

இம்மாறுதல் நம் ஜில்லாவுக்கு மட்டும் உரியதன்று. இந்தோனேஷியா, கென்யா போன்ற முன்னேறிவரும் தேசங்களிலும் இதுவே கதை. மேல்நாடுகளில் பத்திரிகை, ரேடியோ, டெலிவிஷன், கம்ப்யூட்டர் என்று படிப்படியாக வந்த சாதனங்கள், இந்நாடுகளின் எளிய ஜனங்களில் பெரும்பாலோருக்குக் கைப்பேசி ஒன்றிலேயே ஒருங்கே வந்து சேர்ந்தன. அவர்களுக்கு முதல் கம்ப்யூட்டரும் அதுவே. புதிய கடைத்தெருவும் அதுவே. ஆகவே, அக்கடைத்தெருவின் வாயிற்கதவு யார் கையில் இருக்கிறது என்று கேட்பது நமது கடமையாகிறது.

அது அந்நியக் கம்பெனிகள் இரண்டின் கையிலேயே பெரும்பாலும் இருக்கிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றின் சொந்தக்காரரான மெட்டா கம்பெனி 2023-ல் ஈட்டிய ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 97 ரூபாய்க்கு மேல் விளம்பரத்தில் வந்தது. கூகிளின் தாய்க் கம்பெனிக்கு நூற்றுக்கு 75-க்கு மேல். நமக்கு இவை இலவசமாகக் கிடைக்கின்றன என்று மகிழ்கிறோம். ஆனால் நமது பார்வை, பழக்கம், இருப்பிடம் ஆகியவற்றை அறிந்து, அவ்வறிவைக் கொண்டு நம்மை வியாபாரிகளுக்குக் காட்டிக் கொடுப்பதே இவற்றின் தொழில். இலவசம் என்ற சொல் தமிழர்க்குப் புதிதன்று. 1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, பின்னர் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகக் கூறிக் குடையும் கொடுக்க முன்வந்தது. அவ்விலவசத்தின் உட்கருத்தைத் தூத்துக்குடி ஜனங்களுக்கு எடுத்துரைத்த சுப்பிரமணிய சிவா, 1925-ல் நமது பாப்பாரப்பட்டியிலேயே உயிர் நீத்தார் என்பதை நம் ஜில்லாவாசிகள் மறக்கலாகாது.

இவ்விளம்பரங்களின் விலை நிர்ணயமாகும் முறையையும் கவனிக்க வேண்டும். நமது கைப்பேசியில் ஒரு விளம்பரம் தோன்றுவதற்கு முன், ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. தர்மபுரிப் பட்டுக்கூடு அங்காடியிலும் ஏலம் நடக்கிறது. அங்கே நடத்துவது சர்க்கார், விற்பவர் விவசாயி, வாங்குபவர் நூற்பாலைக்காரர், விலையோ பலரறியக் கூறப்படுகிறது. கைப்பேசி ஏலத்தில் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் தரகர் ஒருவரே. ஏலம் போடுபவரும் அவரே. கணக்குப் புஸ்தகமும் அவரிடமே. இணையப் பக்கங்களில் வெளியாகும் விளம்பரங்களின் ஏலத்தில் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்திற்று என்று 2025 ஏப்ரலில் அமெரிக்க மத்திய நீதிமன்றமொன்றே தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் பத்திரிகைகளின் முறையீட்டின்மீது இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. தீபாவளிக் காலத்தில் பெருங்கம்பெனிகள் பணத்தைக் கொட்டும்போது, நமது செக்குக்காரரின் சில நூறு ரூபாய் எம்மூலைக்குத் தள்ளப்பட்டது என்று கேட்க இன்று வழியில்லை.

பத்திரிகை நடத்துவோராகிய நமக்கும் இதில் சுயநலம் உண்டென்று சிலர் சொல்லக்கூடும். உண்டு, மறைக்கவில்லை. பத்திரிகைகளுக்கு வந்துகொண்டிருந்த விளம்பர வருமானத்தில் ஒரு பெரும் பகுதி கடல் கடந்து போகிறது. ஆனால் வேறொன்றும் உண்டு. நாம் பிரசுரிக்கும் ஒவ்வொரு விளம்பரத்தின் பின்னும் பிரசுரகர்த்தரின் பெயரும் விலாசமும் நிற்கின்றன. பொய் விளம்பரத்தால் நஷ்டமடைந்தவன் நம் வாயிலில் வந்து நிற்கலாம். கைப்பேசியில் வரும் மோசடி விளம்பரத்துக்கோ, 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவைக் கேடயமாகப் பிடித்து, தாம் வெறும் இடைநிலையாளரே என்று அக்கம்பெனிகள் வாதாடுகின்றன. லாபத்தில் முதலாளி, பொறுப்பில் தபால்காரன் என்றால் அது நியாயமாகாது.

இந்திய சர்க்கார் 2016 ஜூன் முதல், அந்நியக் கம்பெனிகளுக்குச் செலுத்தப்படும் இணைய விளம்பரத் தொகைமீது நூற்றுக்கு 6 வீதம் சமன்பாட்டு வரி விதித்திருந்தது. அமெரிக்காவுடன் வர்த்தகப் பேச்சு நடந்த சமயத்தில், 2025 ஏப்ரல் முதல் தேதியோடு அது ரத்தாயிற்று. அவ்வரியை விளம்பரம் செய்வோர் தலையிலேயே கட்டிவிடுவர் என்பது ஓர் ஆட்சேபம். அதில் உண்மையில்லாமலில்லை. ஆயினும் நம் ஜனங்களிடம் ஈட்டும் லாபத்துக்கு நம் நாட்டில் வரி செலுத்துவதே முறை. பழைய வரி பொருந்தாதெனில் வேறொன்றை வகுக்கட்டும். ஒன்றுமே வேண்டாமென்பது விவேகமன்று.

ஆகையால் மூன்று காரியங்களை நாம் வற்புறுத்துகிறோம். ஏலத்தின் கணக்கை விளம்பரம் செய்தவன் தமிழிலேயே பார்க்க உரிமை வேண்டும். பணம் பெற்று வெளியிடும் விளம்பரத்துக்குக் கம்பெனியே பொறுப்பாளியாக வேண்டும். லாபத்துக்கு ஏற்ற வரி வேண்டும். நமது பார்லிமெண்ட் அங்கத்தினர்களிடம் தேச ஊழியர்கள் இவற்றை விடாது கேட்க வேண்டும்.

சர்க்காரை நோக்கிக் கைகட்டி நிற்பதும் போதாது. விவசாயிகள் சங்கங்களும் பெண்கள் சுய உதவிக் குழுக்களும் இச்சாதனத்தைத் தயங்காது கையாளட்டும். ஆனால் தங்கள் வாடிக்கைக்காரரின் பெயர்ப் பட்டியலைத் தங்கள் கையிலேயே எழுதி வைத்துக்கொள்ளட்டும். அந்நியன் வாயிலை அடைத்தாலும் வாடிக்கைக்காரன் நம்மிடம் வருவதற்கு அப்பட்டியலே வழி. கருவி யாருடையதாயினும் ஆகுக. வியாபாரம் நம்முடையதாக இருக்கட்டும்.