அரிந்த வெங்காயம் நஞ்சல்ல

அரிந்து வைத்த வெங்காயம் சுற்றிலும் இருக்கும் கிருமிகளையெல்லாம் இழுத்துக்கொள்ளும், ஓர் இரவு கழிந்தால் அது விஷம், மறுநாள் அதைச் சமைத்தால் உயிருக்கே ஆபத்து என்ற செய்தி நம் கைபேசிகளில் ஓயாமல் சுற்றுகிறது. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமில்லாமல் நம்புகிறார்கள். ஃபிரிட்ஜில் பாதி வெங்காயம் கண்ணில் பட்டால் உடனே குப்பையில் போடுகிறார்கள். இது பொய். தீங்கில்லாத பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

இந்தப் பொய்யின் சுமை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். காலை ஏழரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண், முதல் நாள் இரவே சின்ன வெங்காயத்தை உரித்து நறுக்கி மூடி வைத்தால் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். சின்ன வெங்காயம் உரிப்பது லேசான வேலையல்ல. கண் எரியும், நகக்கண் எரியும், உரிக்க உரிக்கக் குறையாது. "ராத்திரி அரிஞ்சு வச்சதையா புள்ளைக்குக் கட்டிக் கொடுக்கப் போற?" என்று வீட்டில் யாரோ ஒருவர் கேட்டுவிட்டால் போதும், மறுநாள் முதல் அவள் நாலரை மணிக்கு எழுந்தாக வேண்டும். கேட்டவர் பெரும்பாலும் வெங்காயம் உரிப்பவராக இருப்பதில்லை.

அந்தச் செய்திக்கு ஆதாரமாக ஒரு கதையும் கூடவே வரும். ஆங்கிலத்தில் மின்னஞ்சலாகச் சுற்றிவிட்டுத் தமிழுக்கு வந்த கதை. 1919இல் இன்ஃபுளுவென்சா ஊர் ஊராக உயிர்களைக் கொண்டுபோனபோது, ஒரு விவசாயி வீட்டில் மட்டும் யாருக்கும் நோய் வரவில்லையாம். அறைக்கு அறை வெங்காயம் வைத்திருந்தார்களாம். மருத்துவர் ஒன்றை எடுத்துப்போய் நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே ஃபுளூ வைரஸ் இருந்ததாம். இது நடந்திருக்கவே முடியாது. மனிதருக்கு வரும் இன்ஃபுளுவென்சா வைரஸை வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் லண்டனில் பிரித்தெடுத்தது 1933இல். 1919இல் மருத்துவர்களில் பலர் அந்த நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்றே எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே எதையும் பிரித்தறிய முடியாது. எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கியதே 1931இல்தான். கதையில் வரும் மருத்துவர் எந்தக் கருவியில் எதைப் பார்த்தார்?

கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று ஐரோப்பா நம்பிய காலத்தில், அந்தக் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று எண்ணி அறைகளில் வெங்காயம் வைத்தார்கள். நோய்க்குக் காரணம் கிருமி என்று பாஸ்டரும் கோக்கும் காட்டியதும் அந்தக் கொள்கை விழுந்துவிட்டது. அதற்குப் பிறந்த வெங்காய வைத்தியம் மட்டும் விழவில்லை. வைரஸுக்குக் காலும் இல்லை, இறக்கையும் இல்லை. இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளியில் ஏறிப் போகும், விழுந்த இடத்தில் கிடக்கும். அறையின் ஒரு மூலையில் இருக்கும் வெங்காயம் அதைக் கூப்பிட்டு அழைக்க எந்த வழியும் கிடையாது.

வெங்காயம் எப்படிப்பட்ட பொருள் என்று தெரிந்தால் இந்தக் கதை நம்மிடம் எடுபடாது. அது கிழங்கல்ல, வேருமல்ல. நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் அடியில் கெட்டியாக ஒரு வட்டு தெரியும். அதுதான் தண்டு. அதன்மேல் ஒன்றையொன்று போர்த்திக்கொண்டிருப்பவை இலைகளின் அடிப்பாகங்கள். அடுத்த பருவத்துக்கான உணவை அங்கேதான் செடி சேர்த்து வைக்கிறது. நடுவில் மொட்டு. பெரிய வெங்காயமும் சின்ன வெங்காயமும் அல்லியம் சீபா என்ற ஒரே இனம். பெரியது ஒற்றைக் குமிழாகப் பருக்கிறது. சின்னது வட்டைச் சுற்றிப் பிரிந்து பிரிந்து கொத்தாகிறது. ஒரு காயை ஊன்றினால் ஒரு கொத்தாகப் பிடுங்கலாம். பெரம்பலூர்ப் பக்கத்தில் செட்டிகுளம் விவசாயிகள் விதைக்காயைக் காற்றோட்டமான பட்டறை போட்டு மாதக்கணக்கில் காக்கிறார்கள். காய் உறங்குகிறது, உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது.

மேலே சருகாகக் காயும் தோல் அந்த உறக்கத்துக்குக் காவல். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜே. சி. வாக்கரும் உடன் ஆய்ந்தவர்களும் 1929 முதல் 1933 வரை கண்டுபிடித்தது இது: நிறமுள்ள வெங்காயத்தின் சருகுத் தோலில் இருக்கும் புரோட்டோகேட்டகூயிக் அமிலமும் கேட்டகாலும் ஒரு வகைப் பூஞ்சையை முளைக்க விடாமல் தடுக்கின்றன. வெள்ளை வெங்காயத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. செடிகளின் நோய் எதிர்ப்பைப் பற்றிப் பேசும் பாடநூல்களில் இன்றும் இந்த எடுத்துக்காட்டு வரும். கிருமியை உள்ளே விடாமல் இருக்க இவ்வளவு ஏற்பாடு செய்துகொண்ட ஒன்றைத்தான் கிருமியை இழுக்கும் பொருள் என்கிறார்கள்.

சரி, கத்தி பட்டால் அந்தக் காவல் உடைகிறதே என்பார்கள். உடைகிறது. அப்போது நடப்பதைப் பாருங்கள். வெங்காயத்தின் ஒவ்வொரு செல்லிலும் அல்லினேஸ் என்ற நொதி ஓர் அறையிலும், கந்தகம் கலந்த அமினோ அமிலச் சேர்மங்கள் அதற்கு வெளியிலும் தனித்தனியாக இருக்கின்றன. கத்தி செல்லைக் கிழித்ததும் இரண்டும் கலக்கின்றன. அதில் பிறப்பதை மற்றொரு நொதி கண்ணைக் கரிக்கும் வாயுவாக மாற்றுகிறது. அந்த இரண்டாவது நொதியை ஜப்பானின் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தது 2002இல். வாயு மேலே எழுந்து நம் கண்ணுக்கு வருகிறது. நூற்றுக்கு 89 பங்குக்கு அருகில் இருக்கும் தண்ணீரும் வெட்டுவாய் வழியாக மெல்ல வெளியேறுகிறது, அதனால்தான் விளிம்பு வாடுகிறது. ஃபிரிட்ஜில் மூடாமல் வைத்தால் பாலிலும் தயிரிலும் வெங்காய வாடை ஏறுகிறது. வாடை, வாயு, நீர் மூன்றும் வெங்காயத்திலிருந்து வெளியே போகின்றன. இழுக்கும் சக்தி என்ற ஒன்று இதில் எங்கும் இல்லை.

"நம் முன்னோர் இதை அறிந்துதான் வைத்திருந்தார்கள்" என்று ஒரு வரியும் அந்தச் செய்தியில் ஒட்டிக்கொண்டு வரும். முன்னோர் பெயரை இதில் இழுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நம் முன்னோர் தாளிப்பு வடகம் போட்டவர்கள். கத்திரி வெயிலில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரித்து, நறுக்கியோ உரலில் இடித்தோ, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசறி, இரவெல்லாம் பானையில் ஊறவிட்டு, காலையில் முற்றத்தில் பரப்பினார்கள். மாலையில் அள்ளி அதே சாற்றில் போட்டு மறுபடி ஊறவிட்டார்கள். சாறு வற்றும் வரை நாள் கணக்கில் இதையே செய்து, கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைத்து, ஜாடியில் போட்டு வருஷம் முழுக்கக் குழம்புக்கும் கீரைக்கும் தாளித்தார்கள். அரிந்த வெங்காயம் ஒரே இரவில் நஞ்சாகுமென்றால் தஞ்சாவூர், புதுச்சேரிப் பக்கத்துக் குடும்பங்களில் பாதி மிஞ்சியிருக்காது. உப்பும் வெயிலும் அதைக் காத்தன என்று பதில் வரலாம். அதைத்தான் நானும் சொல்கிறேன். ஈரம், வெப்பம், நேரம் என்ற மூன்றும்தான் கணக்கு. எந்தக் காய்க்கும் அதே கணக்கு. வெங்காயத்துக்கென்று தனிச் சாபம் இல்லை.

அரிந்த வெங்காயத்தைச் சேமிப்பது நம் வழக்கம் மட்டுமல்ல. குஜராத்தின் மஹுவாவில் வெங்காயத்தைச் சீவி உலர்த்துவது பெரிய தொழில். அங்கிருந்து போகும் வெங்காயச் செதிலும் தூளும் உலகமெங்கும் சூப்பிலும் மசாலாவிலும் சேர்கின்றன. இந்தோனேசிய வீடுகளில் சின்ன வெங்காயத்தைச் சீவி மொறுமொறுவென்று பொரித்து டப்பாவில் வாரக்கணக்கில் வைத்து, சோற்றின் மேல் தூவுகிறார்கள்.

அரிந்து வைத்தால் எதுவுமே மாறாது என்று நான் சொல்லவில்லை. ருசி மாறும். பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ளவும் தயிர்ப் பச்சடிக்கும் அப்போதே அரிந்ததுதான் வேண்டும், நேரம் போகப்போகக் காரமும் கசப்பும் ஏறிவிடும். சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் அது பெரிய குறையில்லை. வெங்காயத்தில் இருக்கும் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து சிலருக்கு வயிற்றை உப்பவைக்கும். புதிதாக அரிந்து தின்றாலும் அவர்களுக்கு உப்பும். நாய்க்கு வெங்காயம் ஆகாது என்பதும் உண்மையே, அதன் இரத்தச் சிவப்பணுக்களை அது சிதைக்கிறது. ஆனால் முழு வெங்காயமும் வேகவைத்த வெங்காயமும்கூட நாய்க்கு ஆகாது. இந்த உண்மைகளைப் பொய்க்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

உண்மையான ஆபத்தைப் பற்றி அந்தச் செய்தி வாய் திறப்பதில்லை. 2020இல் அமெரிக்காவில் சிவப்பு வெங்காயம் வழியாக சால்மொனெல்லா பரவி 1,127 பேர் நோயுற்றார்கள். கிருமி சமையலறைக் காற்றிலிருந்து வரவில்லை. மாசுபட்டிருக்கக்கூடிய பாசன நீரின் மீதுதான் விசாரணையில் சந்தேகம் விழுந்தது. 1983இல் இல்லினாய் மாநிலம் பியோரியாவில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 28 பேர் பொட்டுலிசம் என்ற உணவு நச்சு நோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். காரணம் வதக்கிய வெங்காயம். கொழுப்பில் வதக்கி, காற்றுப் படாமல், வெதுவெதுப்பாக வைத்திருந்ததில் மண்ணிலிருந்து வந்த பாக்டீரியா வித்துகள் முளைத்து நஞ்சு சுரந்தன. ஆகவே கையையும் கத்தியையும் பலகையையும் கழுவுங்கள். இறைச்சி வெட்டிய பலகையில் அப்படியே வெங்காயம் அரியாதீர்கள். அரிந்ததை வெளியில் விடாமல் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள், சில நாள் தாராளமாகத் தாங்கும். வழுவழுப்பும் கெட்ட வாடையும் வந்தால் எறியுங்கள். வதக்கிய வெங்காயத்தை இரவெல்லாம் அடுப்படியில் விடாதீர்கள்.

2021இல் கரும்பூஞ்சைப் பயம் பரவியபோது வெங்காயத் தோலின் கறுப்புப் பொடியையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். அது அஸ்பெர்ஜில்லஸ் நைகர். கரும்பூஞ்சை நோய் எனப்பட்ட மியூகார்மைகோசிஸை உண்டாக்கும் பூஞ்சைகள் வேறு வகுப்பு. அந்தப் பொடியைக் கழுவி, மேலடுக்கை உரித்து எறிந்தால் போதும்.

எனக்குப் பெரும் கோபம் வருவது, காய்ச்சல் கண்ட குழந்தையின் உள்ளங்காலில் வெங்காய வட்டத்தை வைத்துக் காலுறை மாட்டித் தூங்கவைப்பதைக் கேள்விப்படும்போதுதான். காலையில் கறுத்த வெங்காயத்தைக் காட்டி, நோயை உறிஞ்சிவிட்டது என்கிறார்கள். உடல் சூட்டில் எட்டு மணி நேரம் கிடந்தால், நோயே இல்லாதவர் காலில் கட்டியிருந்தாலும் அது வாடிக் கறுக்கும். நம் ஊரில் மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் காய்ச்சல் தணியும் நேரமே ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரம். வெங்காயம் சூட்டை எடுத்துவிட்டது என்று வீடு நிம்மதியடையும் அதே நாளில் குழந்தையின் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருக்கலாம். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு, சோர்ந்து கிடத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த இரவே குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.