காலியாகக் கிடக்கும் இரண்டு இடங்கள்: டீன் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன் ஐயா அவர்களுக்கு,

தங்கள் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்து, ஹவுஸ் சர்ஜன் காலத்தையும் முடித்து வெளியேறிய மாணவன் எழுதுவது. துறைத் தலைவர், துணை முதல்வர், பிறகு தாங்கள் என்று முறைப்படி படியேறி, இங்கே சொல்லப்போவதைப் பற்றி மனு கொடுத்துப் பார்த்தோம். கடைசி மனுவின் ஓரத்தில் தாங்கள் பச்சை மையில் ‘பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் பார்க்கவில்லை. வாங்க வேண்டிய கையெழுத்தையெல்லாம் வாங்கியாயிற்று. நிறைவுச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. ஆகவே இனி ஊரறிய எழுதலாம்.

எழுதத் தூண்டியது பட்டமளிப்பு விழாவில் தாங்கள் ஆற்றிய உரை. தடய மருத்துவத்தில் நம் கல்லூரியின் எம்.டி. இடங்களில் இரண்டு இந்த ஆண்டும் காலியாகக் கிடப்பதைச் சொல்லி வருத்தப்பட்டீர்கள். இன்றைய பிள்ளைகள் ரேடியாலஜி, டெர்மா என்று காசு வரும் துறைக்கே ஓடுகிறார்கள், சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது என்றீர்கள். மேடையில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள், பெற்றோர்கள் கைதட்டினார்கள். எங்கள் பேட்ச் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லோருக்கும் ஒரே ஒருத்தியின் ஞாபகம்தான்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. அவள் இன்னும் படிக்க வேண்டியவள். மருத்துவ உலகம் மிகச் சிறியது. தங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்த மாணவி என்றால் தங்களுக்கு நினைவு வரக்கூடும். வராமலும் போகலாம்.

தடய மருத்துவம் எங்களில் பலருக்கு விஷங்களின் பட்டியலும் சட்டப் பிரிவு எண்களும்தான். பரீட்சைக்கு முந்தின இரவு உருப்போட்டு, எழுதி முடித்ததும் மறந்துவிடுவோம். அவளுக்கு அப்படியில்லை. கழுத்தில் கயிற்றுத் தடம் சாய்வாக மேலேறி ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தால் ஒரு கதை, குறுக்கே முழுச் சுற்றாக ஓடியிருந்தால் வேறு கதை என்று வகுப்பில் படித்த நாளிலிருந்து அவள் அந்தப் பாடத்தை விடவில்லை. அவள் ஊரில் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகாத ஒரு பெண் செத்துப்போய் ஆர்.டி.ஓ. விசாரணை வரை போயிருக்கிறது. மாமியார் வீட்டில் ஒன்று, பிறந்த வீட்டில் ஒன்று, டீக்கடையில் ஒன்று என்று ஆளுக்கொரு கதை ஓடிக்கொண்டிருந்தபோது, மொத்த ஊரும் ஒரு டாக்டர் எழுதப்போகும் தாளுக்காகக் காத்திருந்ததாம். ‘அந்தத் தாளை எழுதுற ஆளா ஆகணும்’ என்பாள். ஹாஸ்டலில் இதைச் சொல்லிக் கேலி செய்தவர்களில் யாருக்கும் அப்படித் தெளிவான ஒரு காரணம் இருந்ததில்லை. கட் ஆஃப் எங்கே நிற்குமோ அங்கே நாங்கள் நிற்போம், அவ்வளவுதான்.

எலெக்டிவ் வந்தது. 2019-இல் சேர்ந்தவர்களிடமிருந்து தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் மாணவருக்கென்று விட்டுவைத்த ஒரே ஜன்னல் அது. மாணவர் தனக்கு விருப்பமான துறையைச் சில வாரம் கிட்ட நின்று பார்ப்பதற்காக அது என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிவத்தில் மூன்று விருப்பம் கேட்டார்கள். அவள் மூன்று கட்டத்திலும் தடய மருத்துவம் என்றே எழுதினாள். அலுவலகத்தில் சிரித்தார்களாம். நான்காம் நாள் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டப்பட்டது, வரிசை எண்படி. படிவங்கள் கட்டுப் பிரிக்காமல் ஒரு மேஜை மேல் கிடந்ததை நாங்களே பார்த்தோம்.

அவளுக்கு விழுந்தது சமூக மருத்துவம், ‘ஆவண ஆய்வு’. அது என்ன ஆய்வு என்று தெரிந்துகொள்ளத் துறைத் தலைவரிடம் போனாள். அவர் மருத்துவ ஆவணப் பிரிவுக்கு, அதாவது எம்.ஆர்.டி.க்கு, அனுப்பினார். அங்கே ஒரு ஸ்கேனர் இருந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கோருவதற்கான கேஸ் ஷீட்டுகள் தேங்கிக் கிடந்தன. டேட்டா என்ட்ரிக்கு ஆள் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, குடும்ப அட்டை நகல், ஆதார் நகல் என்று ஒவ்வொன்றாக வைத்து எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதுதான் ஆய்வு. பிணவறை அந்தக் கட்டடத்துக்கு நேர் பின்னால். போலீஸ்காரர்கள் காகிதக் கட்டோடு வந்து போவதும், சொந்தக்காரர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுவதும் எம்.ஆர்.டி. ஜன்னலிலிருந்தே தெரியும். அவள் அந்தப் பக்கம் போக அனுமதி கேட்டாள். ‘பொம்பளப் புள்ளைக்கு மார்ச்சுவரி எதுக்கும்மா, பேசாம டெர்மா படிச்சு ஒரு கிளினிக் போடு’ என்றார் ஒரு பேராசிரியர். இன்று காசு வரும் துறைக்கு ஓடுகிறார்கள் என்று தாங்கள் சொன்னபோது மேடையில் தலையசைத்தவர்களில் அவரும் ஒருவர் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். எலெக்டிவ் முடிவில் லாக் புக்கில் ‘நான் கற்றது என்ன’ என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். மற்ற நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பத்தியை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பெயர்த்து எழுதினோம். மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்று ஆரம்பித்து, துறைக்கு நன்றி என்று முடியும். அவள் உண்மையை எழுதினாள். தான் கேட்டது எது, கிடைத்தது எது, ஒரு மணி நேரத்தில் எத்தனை கேஸ் ஷீட் ஸ்கேன் செய்யத் தனக்கு இப்போது வரும் என்பதுவரை. ஒரு வசைச் சொல் கிடையாது. கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் கண் முன்னாலேயே அந்தப் பக்கத்தைக் கிழித்தார்கள். ‘ஆய்வுக் குழு வந்தா இதையா காட்டுறது’ என்றார்கள். திருப்பி எழுதும்வரை கையெழுத்து இல்லை என்றார்கள். கையெழுத்து இல்லையென்றால் ஹால் டிக்கெட் இல்லை. பெஞ்சில் காத்திருந்தது அப்போதுதான், டீன் அவர்களே. உள்ளே விடவில்லை. கடைசியில் அவளும் மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்று எழுதினாள். அதே பேனாவால்.

ஹவுஸ் சர்ஜன் ஆனபோது தடய மருத்துவத்துக்கென்று ஒரு வாரம் உண்டு. அந்த வாரம் கேஷுவால்டியில் ஆள் போதவில்லை என்று அவளை அங்கே இழுத்துக்கொண்டார்கள். லாக் புக்கில் என்னவோ வாரம் முழுவதும் பிணவறையில் இருந்ததாகவே இருக்கிறது. மாணவராக இருந்த காலத்தில் போஸ்ட்மார்ட்டம் பார்க்கப் போனது உண்டு. கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, முன்னால் நின்றவர்களின் முதுகைப் பார்த்துவிட்டு வந்தது.

பிறகு நீட் பி.ஜி. இருநூறு கேள்வி. அவளுக்கு நல்ல ரேங்க். தடய மருத்துவம் அந்த ரேங்கில் தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியிலும் கிடைக்கும், உங்கள் கல்லூரி உட்பட. சாய்ஸ் லாக் செய்ய வேண்டிய ராத்திரி அவள் அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். அரசுப் பேருந்தில் கண்டக்டர். ‘மாடு வாங்குனாக்கூட பல்லப் புடிச்சுப் பாத்துத்தானே வாங்குறோம். மூணு வருஷம் படிச்சு, ஆயுசு முழுக்கச் செய்யப்போற வேல. நீ கிட்ட நின்னு பாத்திருக்கியா?’ இவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. இப்போது வேறொரு மாவட்டத்தில் மயக்கவியல் படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. மயக்கவியலைத் தேர்ந்தெடுத்தது அவள் என்று நீங்கள் சொல்வதில்தான் குறை.

உங்கள் காலி இடம் ஒன்றின் கதை இது. இன்னொன்றின் கதை நீங்கள் சொல்லுங்கள்.

இடம் காலியாகப் போவது உங்கள் ஒருவர் கவலை மட்டும் அல்ல என்பது தெரியும். 2023 செப்டம்பரில் முதுநிலை இடங்களை நிரப்பத் தகுதி வரம்பைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கே இறக்கினார்கள். பரீட்சை எழுதிய எவரும் கலந்தாய்வுக்கு வரலாம் என்றாயிற்று. அப்படிக் கடைசிச் சுற்றில், வேறெதுவும் கிடைக்காமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு வருகிறவர் உங்கள் பிணவறையில் கையுறை மாட்டலாம். மூன்று கட்டத்திலும் அதையே எழுதிக் கொடுத்தவள் ஸ்கேனர் முன்னால் உட்கார வேண்டும். இதற்கு என்ன பெயர் வைப்பது? நிர்வாகத் திறன் என்று உங்கள் ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்ளலாம்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். என்ன நடந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தபோது, உடம்பில் இருந்த காயங்களை எழுதி வைத்தது போஸ்ட்மார்ட்டம் அறிக்கை. அந்த மேஜைக்கு முன்னால் நிற்க வேண்டியவர் விருப்பத்தோடு வந்தவரா, வேறு வழியில்லாமல் வந்தவரா என்பது செத்தவர்களின் வீட்டுக்கு முக்கியம். உங்களுக்கும் முக்கியமாக இருந்திருக்கலாம். காப்பீட்டுப் பணம் அதைவிட அவசரமாக இருந்தது போலும்.

சேவை மனப்பான்மையைப் பற்றிப் பேசினீர்களே, அது எங்கே போனது என்று தேட வேண்டாம். எம்.ஆர்.டி.யில் வேலை பார்த்துவிட்டுச் சம்பளம் வாங்காமல் போனது.

அடுத்த பேட்சுக்கு எலெக்டிவ் பட்டியல் ஒட்டியாயிற்று என்று ஜூனியர்கள் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த முறையும் வரிசை எண்படி. இந்த முறையும் ‘ஆவண ஆய்வு’ இருக்கிறது, எட்டுப் பேருக்கு. அந்தப் பட்டியலைக் கிழியுங்கள். பக்கம் கிழிக்கத் தெரிந்த கைகள் உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. படிவங்களைப் பிரித்துப் படியுங்கள். பிணவறை கேட்ட பிள்ளையைப் பிணவறைக்கும், மனநலம் கேட்ட பிள்ளையை மனநல வார்டுக்கும் அனுப்புங்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்று அவர்கள் ஓடினால் ஓடட்டும், அதுவும் தேர்வுதான். ஸ்கேன் செய்ய ஆள் வேண்டுமென்றால் ஆள் எடுங்கள், சம்பளம் கொடுங்கள்.

அவர்கள் கிழித்த அந்தப் பக்கத்தை, லாக் புக்கைக் கொடுப்பதற்கு முன்பே அவள் செல்போனில் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தாள். ஆய்வுக் குழு அடுத்து எப்போது வருகிறது என்று தெரிவித்தால், அதன் நகலை அவர்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவன்