உமி நம்ம ஊரு, தொட்டி நம்ம ஊரு. லாபம் மட்டும் வெளியூரா?

மக்களே, ஒரு சின்ன கணக்கு. 1 டன் நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி கிடைக்கும். மதுராந்தகத்துல இருந்து அணுபுரம் வரைக்கும் நம்ம செங்கல்பட்டு மாவட்டம் நெல் விளையுற பூமி. அந்த உமியை மில் கொதிகலன்லயும் செங்கல் சூளையிலயும் எரிச்சு சாம்பலாக்குறோம்.

அதே உமியிலிருந்து ஜப்பானின் சோனி நிறுவனம் ‘ட்ரைபோரஸ்’ என்ற பெயரில் நுண்துளைக் கரியை உருவாக்கிக் காப்புரிமையும் வாங்கிவிட்டது. விஷயம் இதுதான்: உமிக்குள் சிலிக்கா அதிகம். உமியைக் கரியாக்கி, சிலிக்காவைக் கரைத்து எடுத்தால், அது இருந்த இடமெல்லாம் துளையாகும்.

துளையை வச்சு என்ன பண்றது? நல்ல நுண்துளைக் கரி வெறும் 1 கிராமில் 1,500 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு இருக்கும். நம்ம ஊர் கணக்குல ஆறு கிரவுண்டுக்கு மேல! அந்தப் பரப்பில் அயனிகள் ஒட்டி நிற்பதால்தான் சூப்பர் கபாசிட்டர் நொடிகளில் சார்ஜ் ஆகிறது, லட்சக்கணக்கான முறை உழைக்கிறது. சோடியம் அயனி பேட்டரிக்கும் இதேபோல் தாவரக் கழிவிலிருந்து ‘ஹார்டு கார்பன்’ தயாரிக்கிறார்கள்.

இதுல இன்னும் பெரிய கதை தேங்காய்த் தொட்டி. சூப்பர் கபாசிட்டருக்கு உலகம் தேடும் கரி கொட்டாங்குச்சிக் கரி. ஜப்பானின் குராரே அதை விற்கிறது. பக்கத்துல இலங்கையின் ஹேகார்ப் நிறுவனமும் அந்தத் தரத்துக்குப் போயிடுச்சு.

நாம எங்க நிக்கிறோம்? காங்கயம் வட்டாரத்தில் தொட்டிக் கரி ஆலைகள் ஏராளம். ஆனா புகையும், கரி அணைக்கிற தண்ணியால கிணறு கெட்டுப்போச்சுங்கிற புகாரும் அந்த ஊர் மக்களுக்கு. கரி மூட்டை கைமாறிப் போகுது. விலையைக் கூட்டும் கடைசிப் படி வேறு எங்கோ நடக்குது.

அந்தக் கடைசிப் படி ஒன்றும் மந்திரம் இல்லை. சுமார் 900 டிகிரி நீராவியில் துளை திறக்கணும். அமிலத்தில் கழுவி சாம்பல், இரும்பு, குளோரைடை நீக்கணும். மைக்ரான் அளவுக்கு அரைக்கணும். இரும்பு மிச்சம் இருந்தா சார்ஜ் கசியும். ஆக, தூய்மையை அளந்து சான்று கொடுக்கத் தெரிந்தவனுக்குத்தான் விலை.

அளக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லையா? காரைக்குடியில் 1953-லிருந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அணுபுரத்தில் குடியிருப்பவர்களில் பலர் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பொருள்களின் தூய்மையை நுணுக்கமா அளக்கிறவர்கள். கேரள அரசின் கெல்ட்ரான் 2024 அக்டோபரில் கண்ணூரில் இஸ்ரோ தொழில்நுட்பத்தோடு சூப்பர் கபாசிட்டர் ஆலையே திறந்துவிட்டது. மின்னணு ஏற்றுமதியில் நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் தமிழ்நாடு ஏன் தயங்கணும்?

உண்மையைச் சொல்லிடுறோம்: எல்லா உமியும் இதுக்குப் போகாது. மின்னணுத் துறைக்கு வேண்டிய கரி, எடையில் கொஞ்சம்தான். மில் கொதிகலனுக்கான உமி அங்கேயே இருக்கட்டும். ஆனா அந்தக் கொஞ்சத்துக்குக் கிடைக்கும் விலை சாதாரண கரியைவிடப் பல மடங்கு. அதை விடுறதுக்கு நாம யாரு?

நாம் கேட்பது மூன்றே மூன்று:

1. செங்கல்பட்டிலும் காங்கயத்திலும் ஒரு பொதுப் பரிசோதனைக்கூடம். சின்ன மில்காரரும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் குறைந்த கட்டணத்தில் தரச்சான்று வாங்கணும். கல்பாக்கம், காரைக்குடி விஞ்ஞானிகள் வழிகாட்டட்டும்.

2. 2025-ல் 22,919 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கிய மத்திய அரசின் மின்னணு உதிரிபாகத் திட்டம் மாதிரி ஊக்கத்தொகைகள் அசெம்பிளி வரைக்கும் நின்றுவிடாமல், மூலப்பொருள் தயாரிக்கும் சிறு ஆலைக்கும் வரணும்.

3. மூடிய உலை, புகை மீட்பு, கழிவுநீர் வெளியேற்றாத ஏற்பாடு இல்லாமல் ஒரு ஆலைக்கும் அனுமதி கூடாது. இன்னொரு ஊரின் கிணறும் கெடக்கூடாது.

போன் பூட்டுற வேலை நமக்கு வந்தாச்சு, சந்தோஷம். இன்ஜினியரிங் முடிச்ச நம்ம பசங்க அதோட நின்னா போதுமா? போனுக்குள்ள போற பொருளையும் நாமே செய்வோம். உமி கொடுத்த உழவனுக்கும் அதுல ஒரு பங்கு போய்ச் சேரட்டும்.

உங்க ஊர்ல உமியும் தொட்டியும் எங்க போகுது? கமென்ட்ல சொல்லுங்க. பகிருங்க.

#நம்ம_கரி_நம்ம_தொழில்