க்ளட்ச் ப்ளேட் வைத்தியர்கள்

1 லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டின்னா நம்மூரு மெக்கானிக்குகள்ல பல பேருக்குத் தெரிஞ்சது ஒரே வைத்தியம்தான்: "க்ளட்ச் ப்ளேட் மாத்திடலாம் சார்."

ஜவ்வாது மலை இறங்கி கணியம்பாடிக்கு வந்துட்டிருந்தேன். பின்னாடி மூட்டை முடிச்சு. ஒரு வளைவுல ரெண்டாம் கியர் தானா கழண்டு நியூட்ரல்ல விழுந்துச்சு. எஞ்சின் பிடிப்பு போய் வண்டி பாய்ஞ்சப்போ வயித்துல புளியைக் கரைச்சது. ஏறும்போது ஒரு தடவைகூட இப்படி ஆகலை.

மூணு பட்டறை ஏறினேன். மூணு பேரும் சமதள ரோட்டுல முறுக்கி ஓட்டிட்டு "நல்லாத்தானே இருக்கு"ன்னாங்க. ஒருத்தர் ப்ளேட்டை மாத்திக் காசும் வாங்கிட்டார்.

அட சாமி! க்ளட்ச் வழுக்கினா எஞ்சின் கத்தும், வேகம் ஏறாது. ஆனா கியர் கழலாது. கியர் சக்கரத்தோட பக்கவாட்டுல இருக்கற 'டாக்' பற்களுக்கு ரெண்டு முகம். முறுக்கும்போது ஒரு முகம் சுமை தாங்கும். முறுக்கை விட்டு இறங்கும்போது மறு முகம். நாலாவது பட்டறைல பெட்டியைப் பிரிச்சா, மழுங்கியிருந்தது அந்த மறு முகம்தான். வருஷக்கணக்கா மூட்டையோட மலை இறங்கினதுக்குக் கூலி. முறுக்கியே ஓட்டிப் பாத்தா அது எப்படிய்யா தெரியும்?

எந்த கியர்? ஏத்தமா, இறக்கமா? முறுக்கும்போதா, விடும்போதா? இதைக் கேக்க ரெண்டு நிமிஷம் போதும். கேக்காதவர் கையில ஸ்பேனரைக் குடுக்காதீங்க. ப்ளேட் காசு போனா சம்பாதிச்சுக்கலாம். மலை வளைவுல போறது காசு இல்லை.